மாப்பிள்ளைப் பீங்கான்

கலியாணமாகி ஐந்தாவது மாதம் என்னுடைய காக்கிக் காற்சட்டை இடுப்பில் ஏறவில்லை. கல்முனையில் தையற்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பின்பக்கத் தையலைப் பிரித்து அகலமாக்கித் தந்தபோது, "பாலமுனைச் சோறு உங்களுக்கு நல்லா ஒத்து வந்திரிக்கி" என்று சிரித்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளிக்கு அடுத்த வருடம் அது. கல்முனையிலிருந்து பொத்துவிலுக்கு ஓடும் பஸ்ஸில் நான் கொண்டக்டர். வயது இருபத்தாறு. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். நானும் சாய்ந்தமருதில் உம்மாவின் வீட்டை விட்டு, ஒரு தகரப் பெட்டியுடன் பாலமுனைக்குப் போனேன். அங்கே மாமா, மாமி, என் மனைவி, அவளுடைய தங்கை. மனைவிக்குப் பத்தொன்பது வயது, தங்கைக்குப் பதினைந்து. மாமா வயல் செய்தார். சூறாவளியில் வீட்டைச் சுற்றியிருந்த வளவில் தென்னைகள் பாதிக்கு மேல் விழுந்து கிடந்தன. கோழிக்கூடு பறந்துபோய் ஒரு கோழியும் மிஞ்சவில்லை. ஆனாலும் மாமி எனக்கு அனுப்பிய சோற்றுப் பீங்கானில் அந்த இல்லாமை ஒருநாளும் தெரிந்ததில்லை.

அந்த வீட்டில் ஆண்கள் முன்கூடத்தில் பாய் விரித்து முதலில் சாப்பிடுவோம். குசினி வாசலில் ஒரு திரைச்சீலை தொங்கும். மாமி அதற்குப் பின்னால் நிற்பார். என் முகத்துக்கு நேரே வந்து அவர் கதைத்ததில்லை. மனைவி சோற்றையும் கறியையும் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். எனக்கு முன்னால் பொரித்த மீன் இரண்டு துண்டு, ஆணம் என்கிற எங்கள் ஊர்க் குழம்பில் ஒன்று, எங்கோ தேடி வாங்கிய முட்டை இரண்டு. போதும் என்றால் திரைக்குப் பின்னாலிருந்து, "தின்னுங்க மருமகன், என்ன கூச்சம்" என்று குரல் வரும். புதுமாப்பிள்ளையைக் கவனிக்கத் தெரியாத வீடு என்று ஊர் சொல்லிவிடக்கூடாது என்பதில் மாமிக்கு இருந்த பயம் பெரியது. ஐந்து மாதத்தில் என் மனைவி சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. பார்க்கவில்லை என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குத் துணி எடுக்க ஒருநாள் காலையில் மாமியும் மனைவியும் என் பஸ்ஸில் ஏறினார்கள். சரியான சனம், நெரிசல். மாமிக்கு ஓர் இடம் பிடித்துக் கொடுத்தேன். மனைவி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிந்தவூர் தாண்டி, காரைதீவுச் சந்திக்குக் கிட்டப் போகும்போது பின்னால் ஒரு சத்தம் கேட்டது. அவள் சனத்துக்கு நடுவே மடங்கி விழுந்திருந்தாள். யாரோ ஒரு பெண் போத்தல் தண்ணீரை அவள் முகத்தில் தெளித்தாள். இன்னொரு பெண் என்னைத் திரும்பிப் பார்த்து, "கொண்டக்டர் தம்பி, நல்ல செய்திதான் போல" என்றாள். பஸ்ஸே சிரித்தது. டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நானும் சிரித்தேன். கல்முனை வரும்வரை எனக்கு நிலத்தில் கால் படவில்லை.

மாமி நேரே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றார். அடுத்த ட்ரிப்பை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு நானும் கூடப் போனேன். கர்ப்பிணிகளைப் பார்க்கும் அறையில், பிள்ளைப்பேறு பார்க்கும் மிட்வைப் ஒருவர் இருந்தார். எல்லாரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிட்டார்கள். நடுத்தர வயது, வெள்ளைச் சாரி, மூக்கில் இறங்கிய கண்ணாடி. எங்கள் பகுதிக்கும் அவர்தான் பொறுப்பு. மனைவியிடம் ஏதேதோ கேட்டார். வயிற்றைப் பார்த்தார். பிறகு அவளுடைய கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தார்.

"புள்ள ஒண்டும் இல்ல. ரெத்தந்தான் இல்ல" என்றார். "காலையில என்ன சாப்பிட்ட தங்கச்சி?"

மாமி முந்திக்கொண்டார். "வீட்டுல எல்லாம் இரிக்கி மிஸ்ஸி. நாங்க ஒரு குறையும் வைக்கிறல்ல."

"அவ சொல்லட்டும் அம்மா."

"தேத்தண்ணி" என்றாள் மனைவி.

"நேத்து ராவைக்கு?"

"சோறும் ஆணமும்."

"மீன்?"

மனைவி என்னைப் பார்த்தாள். குற்றம் சொல்லும் பார்வை அல்ல அது. என்ன சொல்லலாம் என்று கேட்கிற பார்வை. பிறகு, "முடிஞ்சிட்டு" என்றாள்.

முந்திய இரவு பாரை மீன். நான் மூன்று துண்டு தின்றிருந்தேன். மூன்றாவதில் பாதியைப் பீங்கானிலேயே விட்டுவிட்டுக் கை கழுவினேன். அதைப் பூனை தின்றதையும் பார்த்தேன்.

"இந்த உடம்போட இப்ப வயித்தில ஒண்டு தங்கினா தாய்க்கும் கஸ்டம், புள்ளைக்கும் கஸ்டம்" என்றார் மிஸ்ஸி. "தங்கினதுக்குப் பிறகு வந்தா நாங்க குளிசை தருவம், சத்துமா தருவம். ஆனா அது பிந்தின வேலை. உடம்பு அதுக்கு முதலே தயாரா இரிக்கணும். ஒரு ஆறு மாசமாவது நல்லாச் சாப்பிடட்டும். மீன், முட்டை, கீரை, பயறு. ஈரல் கிடைச்சா ஈரல். கீரைக்கித் தேசிக்காயப் பிழிஞ்சு புளி விடுங்க. சோத்தோட தேத்தண்ணி குடிக்க வேணா, அது சத்த உடம்புல சேர விடாது."

ஒரு மாதத்துக்கு இரும்புச்சத்து மாத்திரை தந்தார். வீட்டுக்குத் திரும்பும்போது மாமி மனைவியிடம் சொன்ன ஒரே வார்த்தை, "பஸ்ஸில எல்லாரும் பாத்திட்டாங்க" என்பதுதான்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு பெல் அடித்தால் பஸ் நிற்கும், இரண்டு அடித்தால் போகும். நான் போக வேண்டிய இடத்தில் ஒன்று அடித்தேன், நிற்க வேண்டிய இடத்தில் இரண்டு அடித்தேன். இறங்க வேண்டியவர்கள் சத்தம் போட்டார்கள். டிக்கெட் கிழித்துக் கொடுக்கும்போது பெண்களின் முகத்தைப் பார்த்தேன். அறுவடைக்குப் போகிறவர்கள், பாடசாலைப் பிள்ளைகள், புதிதாகக் கலியாணமானவர்கள். உதடு வெளிறியிருக்கிறதா, கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறதா என்று பார்த்தேன். தம்பிலுவிலில் ஏறிய ஒருத்தி, "என்ன தம்பி, மூஞ்சிய வாசிச்சா டிக்கெட் குடுக்கிற?" என்று கேட்டாள். டிரைவர் அன்றைக்கு முழுக்க என்னோடு கதைக்கவில்லை.

பாதை நெடுகச் சாமான் வாங்கத் தொடங்கினேன். தம்பிலுவிலில் முட்டை, அக்கரைப்பற்றில் மாட்டீரல், பொத்துவிலில் எருமைத் தயிர். பாலமுனையில் பஸ்ஸை நிறுத்தி, ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு ஓடி வருவேன். வேலை முடிந்து போனால், அவ்வளவும் என் பீங்கானில் இருக்கும். நாலு முட்டை வாங்கினால் எனக்கு இரண்டு, மாமாவுக்கு இரண்டு. ஈரல் முழுக்க எனக்கு. தயிரைச் சீனி போட்டு எனக்கு முன்னால் வைத்திருப்பார்கள்.

"மாமி, இது அவக்கெண்டுதான் வாங்கின" என்றேன் திரையைப் பார்த்து.

"அவ திண்பா. நீங்க தின்னுங்க மருமகன்."

அக்கரைப்பற்றுச் சாப்பாட்டுக் கடையில் அவித்த முட்டை இரண்டைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுபோய், அறைக்குள் வைத்து மனைவியிடம் கொடுத்தேன். அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"தின்னு."

"மறுகா திண்ணுறன்."

அடுத்த நாள் கேட்டேன். ஒன்றைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டாளாம். மற்றதையும் பாதிதான் தின்றாளாம். "அவள் பாத்துக்கிட்டு இரிக்கக்குள்ள எனக்குத் தொண்டையில இறங்கல்ல" என்றாள். பிறகு, "இனி இப்படிக் கொண்டு வராதீங்க. உம்மாக்குத் தெரிஞ்சா, நான் களவாத் திண்ணுறனெண்டு நினைப்பா. என்ட வீட்டுல நான் எப்படிக் களவாத் திண்ணுற?" என்றாள். அவள் என்னோடு அவ்வளவு நீளமாகக் கதைத்தது அதுதான் முதல் தடவை. அறையில் நிற்க முடியாமல் வெளியே போய், வளவைச் சுற்றி நடந்தேன்.

பிறகுதான் ஒரு பொய் சொன்னேன். டிப்போவில் எல்லாரையும் டொக்டர் பார்த்தார், எனக்கு முட்டையும் ஈரலும் பொரியலும் கொஞ்ச நாளைக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார் என்றேன். நான் தின்னாவிட்டால் அது அவளுக்குப் போகும் என்று நினைத்தேன். கணக்குப் பிழையாகிப் போனது. அடுத்த நாள் வீட்டில் முட்டையே இல்லை. நான் வாங்கிக் கொடுத்ததை மாமி பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். மீன்காரனையும் வாசலோடு அனுப்பிவிட்டார். மாப்பிள்ளை தின்னாததை ஆக்கி என்ன செய்வது என்பது அவருடைய எண்ணம். ஒரு கிழமை, ஏழு நாளும் அந்த வீட்டில் பருப்பும் புளியாணமும்தான். அவளுக்கு முன்பு கிடைத்த மீன் தலையும் இப்போது இல்லாமல் போனது.

அதோடு முடியவில்லை. மாப்பிள்ளைக்குச் சுகமில்லை என்ற செய்தி சாய்ந்தமருதுக்குப் போய்விட்டது. மத்தியான பஸ்ஸில் என் உம்மா வந்து இறங்கினார். கையில் பள்ளிவாசல் லெப்பை ஓதிக் கொடுத்த தண்ணீர்ப் போத்தல்.

"என்ட மகனுக்கு என்னத்த ஆக்கிக் குடுத்தீங்க மச்சி?" என்று மாமியைக் கேட்டார். வந்த கால் இன்னும் வாசற்படியில்தான் இருந்தது.

மாமி திரையை விலக்கிப் பிடித்தபடி நின்றார். முகம் சிறுத்துப் போனது. என்னால் தாங்க முடியவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு ஒரு வருத்தமும் நோயும் இல்லை, பொய் சொன்னேன், மிஸ்ஸி சொன்னது இதுதான், வாங்கி வந்தது ஒன்றும் அவளுக்குப் போகவில்லை என்று. சொல்லச் சொல்லக் குரல் கூடிக்கொண்டு போனது.

மாமி திரைக்கு வெளியே வந்து, தரையைப் பார்த்துச் சொன்னார். "அப்ப, நான் பெத்த புள்ளய நானே பட்டினி போட்டனெண்டு சொல்றீங்க."

"அப்படிச் சொல்லல்ல மாமி."

"வேற எப்படி?"

குசினிக்குள் மனைவி அழுகிற சத்தம் கேட்டது. 

உம்மாவை பஸ்ஸேற்றக் கூட்டிப் போனேன். வீதியோரம் நின்றபோது அவர் சொன்னார்: "நீ சொன்னது சரிதான். ஆனா எல்லாருக்கும் முன்னால சொல்லிப்போட்ட." பிறகு, "எங்கட வீட்டுல மட்டும் வேறயா? உன்ட வாப்பா திண்டு, நீ திண்டு, மறுகா இருந்ததத்தான் நாங்க திண்டம். உனக்கு மூத்தவள், உன்ட ராத்தா, எத்தின நாள் வெறும் ஆணத்தோட திண்டாள், தெரியுமா உனக்கு?" என்றார்.

"தெரியா."

"ஓம், உனக்கு எப்படித் தெரியும்."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

அதன்பிறகு இரண்டு கிழமை மாமி என்னோடு கதைக்கவில்லை. ஆனால் சாப்பாடு முன்பைவிடக் கூடுதலாக வந்தது. முட்டை திரும்பவும் இரண்டாக வந்தது. ஒவ்வொரு கவளமும் என்மேல் போட்ட வழக்குப் போல இருந்தது. டிப்போவில் கேட்டு, இரவு பொத்துவிலில் தங்கி விடியற்காலையில் திரும்பும் வேலையை எடுத்துக்கொண்டேன். மிஸ்ஸி சொன்ன ஆறு மாதம் பிள்ளை தங்காமல் கழிய அது ஒரு வழி. அந்தப் பாயில் உட்காராமல் இருக்கவும் அது வழி. ஊரில் மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று கதை வந்தது. மனைவி ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் கூடுதலாக அரித்தது.

ஒரு புதன்கிழமை மிஸ்ஸி என் பஸ்ஸில் ஏறினார். எங்கள் பகுதிக்கு அவர் வருகிற நாள் அது. அவருடைய இருக்கைக்குப் பக்கத்தில் நின்று, நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டிக்கெட்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, "உங்களுக்கு எப்ப லீவு?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த கிழமை நான் வீட்டிலிருந்த நாளில் வந்தார். முன்கூடத்தில் கதிரையில் உட்கார்ந்து, வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டார். யாரையும் குறை சொல்லவில்லை. "ஒண்டுமில்ல, கண்ணப் பாத்திட்டுப் போறன்" என்றார்.

மனைவியின் கீழிமையை இழுத்தார். குளிசையால் கொஞ்சம் பரவாயில்லை, ஆனாலும் வெளிறல்தான். தங்கையை இழுத்துப் பார்த்தார். வெள்ளைத் துணி போல இருந்தது. அவள் பாடசாலைக்குப் போய் வந்து பின்னேரமெல்லாம் படுத்துக் கிடப்பதை நாங்கள் சோம்பல் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

"நீங்களும் வாங்க அம்மா."

"எனக்கு என்னத்துக்கு மிஸ்ஸி. நான் பெத்து முடிஞ்சவ."

"சும்மா பாப்பமே."

மாமியின் இமைக்குள்ளும் வெள்ளைதான். வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்த மாமாவைக் கூப்பிட்டார். அவருக்குச் சிவப்பு. கடைசியாக என்னை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தி, இமையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "இஞ்ச வந்து பாருங்க அம்மா" என்றார்.

மாமி கிட்ட வந்தார். அத்தனை மாதத்தில் என் முகத்தை அவர் நேருக்கு நேர் பார்த்தது அன்றுதான். நெடுநேரம் பார்த்தார். எனக்குக் கண்ணில் நீர் வந்தது. மிஸ்ஸி விரலை எடுக்கவில்லை.

"சிவப்பாத்தான் இரிக்கி" என்றார் மாமி.

"ஒரே குசினியில ஆக்கின சோறுதானே" என்றார் மிஸ்ஸி. தங்கைக்கும் மாமிக்கும் குளிசை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

என் லீவின் அடுத்த நாள் மத்தியானம் எங்களுக்குச் சோறு வரப் பிந்தியது. நானும் மாமாவும் பாயில் காத்திருந்தோம். திரைக்குப் பின்னால் பீங்கான்கள் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு மனைவி கொண்டுவந்து வைத்தாள். ஒரு துண்டு மீன், கீரைச் சுண்டல், பருப்பு.

"இண்டைக்கி ஒரு துண்டுதான் மருமகன்" என்று மாமியின் குரல் வந்தது. அதில் அவ்வளவு வெட்கம் இருந்தது. வீட்டில் ஏதோ களவு போனதை எனக்குச் சொல்வது போலச் சொன்னார்.

"மீன் கிடைக்கல்லயா?" என்று மாமா கேட்டார்.

"கிடைச்ச. பங்கு வெச்சிரிக்கி" என்றார் மாமி.

அன்றிரவே எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஈரலை மனைவி வாயில் வைத்த உடனே ஓங்காளித்தாள். வல்லாரையும் முருங்கையிலையும்தான் அவளுக்கு இறங்கின. சோற்றோடு தேத்தண்ணி குடிப்பதை விடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய பாடாக இருந்தது. தலை இடிக்கிறது என்று கோபித்தாள். கொஞ்ச நாளில் மாமி நாலு கோழி வாங்கி விட்டார். முட்டைகளை எடுத்து யார் யாருக்கு என்று அவரே சொன்னார். ஆனால் தன்னுடைய பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. மனைவிதான் சண்டை பிடித்து அவருடைய பீங்கானில் வைப்பாள்.

ஒரு வருடம் கடந்தது. அயலில் பெண்கள் மாமியைக் கேட்கத் தொடங்கினார்கள். இன்னும் ஒன்றும் இல்லையா, மாப்பிள்ளை ஏன் பொத்துவிலிலேயே கிடக்கிறார் என்று. ஒருநாள் கிணற்றடியில் மாமி சொன்ன பதில் என் காதிலும் விழுந்தது: "எங்கட புள்ள முதல்ல உடம்பத் தேத்தட்டும். அவசரமில்ல." நான் பொத்துவிலில் இரவு தங்கும் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அதற்கடுத்த வருடம் கோமாரிக்கு இந்தப் பக்கம் எதிரே வந்த பஸ் எங்களுக்கு லைட் அடித்து நின்றது. அந்தக் கொண்டக்டர் தலையை வெளியே நீட்டி, "பொம்புளப் புள்ள. ரெண்டு பேரும் சுகம்" என்றார். மீதி ஓட்டம் முழுக்க நான் உட்காரவேயில்லை. கல்முனை ஆஸ்பத்திரியில் மிஸ்ஸி பிள்ளையைத் தூக்கி என்னிடம் தந்தார். எதிர்பார்த்ததைவிடப் பாரமாக இருந்தது.

இதோடு நிறுத்தினால் நல்ல கதையாக இருக்கும். ஆனால் சில வருடம் கழித்து எங்கள் பக்கத்தில் இனக் குழப்பம் வந்தது. பஸ்கள் நின்றன. ஊரடங்குச் சட்டம் போட்டார்கள். கடலுக்கு யாரும் போகவில்லை. வேலையில்லாமல் பகல் முழுக்க வீட்டிலிருந்தேன். கதவுக்கும் வேலிக்கும் நடந்து நடந்து மண்ணில் தடம் விழுந்தது. இருந்த கொஞ்சக் கருவாட்டை மாமி ஆக்கினார். மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது. கருவாடு எனக்கும் மாமாவுக்கும் மட்டும்தான் வந்துகொண்டிருந்தது. ஒரு வருடம் பாடுபட்டு மாற்றியது இரண்டே நாளில் பழைய இடத்துக்குப் போயிருந்தது. யாரும் சொல்லிச் செய்யவில்லை. தானாகப் போயிருந்தது.

மனைவியைக் கேட்டேன். நாங்கள் அடுத்த பிள்ளையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்த காலம் அது. தங்கைக்கும் கலியாணம் பேசி முடிந்திருந்தது.

"இல்லாத நேரத்துல என்ன செய்யிற" என்றாள்.

"இல்லாத நேரத்துலதான் யோசிக்கணும்" என்றேன்.

அவள் என்னை உற்றுப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

ஊரடங்கு கொஞ்ச நேரம் தளர்ந்தபோது மாமா எங்கோ அலைந்து மூன்று மீன் கொண்டுவந்தார். மத்தியானம் நானும் அவரும் பாயில் உட்கார்ந்தோம். மனைவி பீங்கான்களை வைத்தாள். சோறு, பருப்பு, முருங்கையிலை.

"மூணு மீன்தான் இருந்த" என்றாள் அமைதியாக. "உம்மாக்கு ஒண்டு, தங்கச்சிக்கி ஒண்டு, எனக்கும் புள்ளைக்கும் ஒண்டு. நீங்க ரெண்டு பேரும் பருப்போட தின்னுங்க."

இத்தனையையும் தொடங்கி வைத்தவன் நான். எனக்குச் சந்தோசம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். குசினியிலிருந்து பொரியல் மணம் வந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் சோற்றைத் தொடாமல் இருந்தேன். அவள் போகாமல் அங்கேயே நின்றாள்.

மாமா என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்லுவேன் என்று காத்திருந்தார். நான் பருப்புக் கோப்பையை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினேன்.